குளத்துக்கு ஓர் இடம்

வெள்ளியம்மை என்றொரு ஞானி பொட்டல் ஓரத்தில் குடிசை போட்டிருந்தாள். அவளுக்கு ஒரே சீடன், தீத்தாரப்பன். பஞ்சம் பிழைக்கக் கிளம்பிய சனங்களை நம்பிக்கை சொல்லி அந்தப் பொட்டலுக்குக் கூட்டிவந்தவன் அவன்தான்.

வந்தவர்கள் கீழத்தெரு, மேலத்தெரு என்று இரண்டு தெருக்கள் போட்டார்கள். அதுவரை ஒற்றுமைக்குக் குறைச்சலில்லை. குளம் வெட்டலாம் என்று பேச்செடுத்ததும் வந்தது வினை. எங்கள் வாசலில்தான் வெட்டவேண்டும் என்றது கீழத்தெரு. மேலத்தெரு மட்டும் இளைத்ததா? கம்பைத் தூக்கிவிட்டார்கள்.

தீத்தாரப்பன் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"தாயி, மேலத்தெருக்காரவ வண்டி கெட்டுதாவ. போனா இனி திரும்ப மாட்டாவ. குளத்தை எங்க வெட்டணும்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

வெள்ளியம்மை கிழங்கு சுட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் சொன்னா கேப்பாவளா?"

"கேப்பாவ தாயி."

"மனசாரக் கேப்பாவளா?"

தீத்தாரப்பன் தலையைச் சொறிந்தான்.

"மேற்க பாரு, கருத்துக்கிட்டு வருது. ஒரு மழை பெய்யட்டும். அதுவரைக்கும் மாட்டை அவுத்துவிடச் சொல்லு."

முணுமுணுத்துக்கொண்டேதான் அவிழ்த்தார்கள். அன்றைக்கே மழை பிடித்துக்கொண்டது. அப்படியொரு மழையை அவர்களில் யாரும் கண்டதில்லை.

விடிந்து வெளியே வந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். இரண்டு தெருத் தண்ணீரும் ஓடிவந்து ஒரே இடத்தில் கூடி, இடுப்பளவுக்கு நின்றது. அது தீத்தாரப்பனின் வீடு. கால் நாட்ட மண் இளக்கமாக இருக்கிறதே என்று அவனாகத் தேடிப்பிடித்த பள்ளம்! சுவர் கரைந்து கூரை மட்டும் மிச்சமிருந்தது. பக்கத்தில் பாயைத் தலையில் வைத்துக்கொண்டு அவன் நின்றான்.

இரண்டு தெருக்காரர்களும் ஒன்றாக இறங்கினார்கள். அவன் சட்டிபானைகளைக் கைமாற்றி மேட்டில் வைத்தார்கள். பிறகு அவர்களுக்கே சிரிப்பு வந்துவிட்டது. நேற்றுக் கம்பு தூக்கியவர்கள் ஒருவர் மேல் ஒருவர் தண்ணீரை வாரியடித்தார்கள். பிள்ளைகள் கூரை மேலேறிக் குதித்தன. குளம் எங்கே என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. சுற்றி மண் அணைக்க மண்வெட்டிகள் தாமாக வந்தன.

தீத்தாரப்பனுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ஆனாலும் சந்தோஷம் நெஞ்சு கொள்ளவில்லை.

வெள்ளியம்மை வந்து தண்ணீரில் காலை நனைத்தபடி உட்கார்ந்தாள்.

"தாயி, குளம் கெடச்சுட்டு. சனமும் நின்னுட்டு. நான் எங்க போயி வீடு கெட்ட?"

"கரையில கெட்டு," என்றாள் அவள் சிரித்துக்கொண்டே. "நேத்து வரைக்கும் இங்க கரைன்னு ஒண்ணு கெடையாதுல்லா."