கண்டக்டர் குழந்தைவேலு துறந்தது

ஊத்துக்குளிப் பக்கம் ஒரு சின்னக் கரட்டுக் குன்றின் அடியில் அருள்மொழியம்மா மடம் நடத்தி வந்தார். மடம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஓட்டுக் கூரை, ஒரு பம்புசெட்டு, ஞாயிற்றுக்கிழமை வருகிற முப்பது பேர், அவ்வளவுதான். அம்மாவுக்கு வயது நாற்பத்திரண்டு. வருகிறவர்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள். அவர்களை அண்ணா, அக்கா என்றுதான் அம்மா கூப்பிடுவார்.

அங்கே தீட்சை வாங்க ஒரு முறை உண்டு. எதையாவது ஒன்றைத் தாம்பாளத் தட்டில் வைத்து, அம்மாவிடம் நீட்டி, "இதை விட்டேன்" என்று சொல்ல வேண்டும். அம்மா ஏற்றுக்கொண்டால் நாற்பத்தெட்டாம் நாள் காதில் ஒன்று சொல்வார். என்ன சொன்னார் என்று யாரும் யாரிடமும் கேட்கக் கூடாது.

செங்கோடன் என்கிற சீடர் காபி டம்ளரை வைத்தார். அன்றிலிருந்து காலை பத்து மணி வரைக்கும் அவர் பக்கத்தில் யாரும் போவதில்லை. ஒரு அக்கா டிவி ரிமோட்டை வைத்தார். மறுநாளே அவர் வீட்டுக்காரர் வந்து, "விட்டது அவதானுங்களே, நான் விடலையே" என்று வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை குழந்தைவேலுவின் முறை. தனியார் பஸ்ஸில் இருபத்தாறு வருஷமாகக் கண்டக்டர். தட்டை நீட்டினார். அதில் ஒரு மாத்திரை அட்டை இருந்தது.

"இது என்னங்கண்ணா?" என்றார் அம்மா.

"மனசுக்குப் போடற மாத்திரைங்கம்மா. ஒரு வருஷமாப் போடறேன். இதை விட்டேனுங்க."

கூட்டத்தில் ஆஹா என்று ஒரு சத்தம். செங்கோடன் கையெடுத்தே கும்பிட்டுவிட்டார்.

நடந்தது இதுதான். போன வருஷம் ஒரு காலையில் பெருந்துறை ஸ்டாண்டில் குழந்தைவேலு விசிலை வாயில் வைத்தார். ஊத மூச்சு வரவில்லை. அப்படியே படியில் உட்கார்ந்து அழுதார். ஸ்டாண்டே பார்த்தது, செய்தி மடம் வரைக்கும் வந்தது. வீட்டில் சண்டையில்லை, கடனில்லை, சாவில்லை. காரணமில்லாமல் அழுததுதான் அவருக்குப் பெரிய அவமானமாக இருந்தது. ஈரோட்டில் ஒரு டாக்டரம்மா மனச்சோர்வு என்று சொல்லி மாத்திரை எழுதினார். சும்மா சொல்லக் கூடாது, அழுகை நின்றது. திரும்பவும் பஸ்ஸில் ஏறி நின்றார்.

ஆனால் மாத்திரை தனியாக வரவில்லை, மூட்டை முடிச்சோடு வந்தது. வாய் வறட்சி. டிக்கெட் கிழிக்கும்போதே கொட்டாவி. வலது புருவத்துக்கு மேலே தினம் தினம் தலைவலி. மடத்தில் தியானத்துக்கு உட்கார்ந்தால் மற்றவர்கள் ஜோதி தெரிகிறது என்கிறார்கள். இவருக்குத் தலைவலிதான் தெரிந்தது. இதை வைத்துக்கொண்டு நான் என்ன சீடன் என்று அவருக்கு உள்ளுக்குள் வெட்கம். தீட்சை கிடைக்காமலே போய்விடுமோ என்று பயம். அதனால்தான் யாரையும் கேட்காமல் நிறுத்தினார்.

"எப்ப விட்டீங்க?"

"வியாழக்கிழமைங்க."

"இப்ப எப்படி இருக்குது?"

"நல்லாருக்கேனுங்கம்மா."

அம்மா அவர் இடது கையைப் பார்த்தார். "தூணை எதுக்குப் புடிச்சிருக்கீங்க?"

"சும்மாதானுங்க."

"சரி, விடுங்க."

"விட்டா விழுந்துருவேனுங்க."

அம்மா எழுந்து வந்து அவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். தலையைத் திருப்பினால் கரண்டு அடிக்கிற மாதிரி இருக்கிறது என்று குழந்தைவேலு அப்புறம்தான் சொன்னார்.

"அண்ணா, இந்த மாத்திரை உங்களுக்குப் புடிக்குமா?"

"ஐயோ, கண்டாலே ஆகாதுங்க!"

"செங்கோடண்ணா, உங்களுக்குக் காபி?"

"உசுருங்கம்மா" என்றார் செங்கோடன். சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"கேட்டுக்கிட்டீங்களா?" என்றார் அம்மா. "எங்க தம்பி ஏழு வயசுலயே பாவக்காயை விட்டான். அவனுக்கு யாரும் தீட்சை குடுக்கலைங்க."

எல்லோரும் சிரித்தார்கள். குழந்தைவேலுவுக்கும் சிரிப்பு வந்தது. சிரித்ததில் தலை இன்னும் வலித்தது.

"தலைவலியை டாக்டரம்மாகிட்டச் சொன்னீங்களா?"

"இல்லைங்க."

"அவங்க கேக்கவே இல்லையா?"

"போற தடவையெல்லாம் கேட்டாங்க. நல்லாருக்கேன்னு சொல்லிப்போட்டு வந்துட்டேனுங்க."

"அது ஏன்?"

"சின்னப் பொண்ணுங்கம்மா. யோசிச்சு யோசிச்சு எழுதிக் குடுத்துச்சு. வலிக்குதுன்னா மனசு கஷ்டப்படுமேன்னு..."

மறுபடியும் சிரிப்பு. அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"வீட்டுல அக்கா கேட்டா?"

"நல்லாருக்கேன்னுதானுங்க."

"படியில உக்காந்து அழுதீங்களே, அன்னைக்கு டிரைவர் என்னன்னு கேட்டாரா?"

"கேட்டாருங்க."

"என்ன சொன்னீங்க?"

குழந்தைவேலு தரையைப் பார்த்தார். "அழுதுக்கிட்டே அதையேதான் சொன்னேனுங்க."

அம்மா அட்டையை எடுத்து அவர் சட்டைப் பையில் போட்டார். காலித் தட்டை அவர் கையில் கொடுத்தார்.

"இப்ப வைங்க."

"எதைங்க?"

"அந்தச் சொல்லைத்தான். நாப்பத்தெட்டு நாளைக்கு 'நல்லாருக்கேன்'னு யார்கிட்டயும் சொல்லக் கூடாது."

"நெசமாவே நல்லா இருந்தா?"

"என்ன நல்லா இருக்குதுன்னு சொல்லுங்க."

"அப்ப மாத்திரை?"

"அதை என்னைய எதுக்குக் கேக்கறீங்க? டாக்டரம்மாவுக்கு இப்பவே போன் போடுங்க."

போட்டார். அந்தப் பக்கத்திலிருந்து விழுந்த திட்டு செங்கோடன் வரைக்கும் கேட்டது. மறுநாள் காலையில் வரச் சொன்னார்கள். அதற்கப்புறம் குழந்தைவேலு தட்டை நீட்டினார். மாத்திரையை விட்டேன் என்று சட்டென்று சொன்ன மனுஷருக்கு, இதை விட்டேன் என்று சொல்ல இரண்டு நிமிஷம் பிடித்தது. நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது.

பாவம், அந்த விரதம் லேசுப்பட்டதில்லை. காபியை விட்டவர் காபிக் கடைப் பக்கம் போகாமல் இருந்துகொள்ளலாம். கண்டக்டர் எங்கே போய் ஒளிவார்? ஒரு நாளைக்கு நூறு பேர் கேட்பார்கள். வீட்டுக்குப் போகிற வழியிலேயே டீக்கடைக்காரர் பிடித்துக்கொண்டார்.

"என்னண்ணா, நல்லாருக்கீங்களா?"

வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. முழுங்கினார். "வாய் காயுது. வலது புருவத்துக்கு மேல வலி. மனசு பரவால்ல."

டீக்கடைக்காரர் அவருக்குப் போட்ட டீயில் சர்க்கரை போட மறந்துவிட்டார்.

டாக்டரம்மா மறுநாள் ஒன்றரைப் பக்கம் எழுதினார். "ஒரு வருஷமா இதையெல்லாம் எங்கே வெச்சிருந்தீங்க?" என்று கேட்டார். மாத்திரையைத் திரும்பத் தொடங்கச் சொல்லி, அளவை மாற்றி, போடுகிற நேரத்தையும் மாற்றினார். பிறகு, "ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பீங்க?" என்றார்.

"மத்தியானம் வரைக்கும் ஒரு டம்ளருங்க. ட்ரிப்புக்கு நடுவுல ஒதுங்க நேரம் கிடைக்காதுங்களே."

டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். மூன்று பாட்டில் தண்ணீர், நேரத்துக்குச் சாப்பாடு, கண்ணுக்கு ஒரு பரிசோதனை என்று அடியில் இன்னும் மூன்று வரி சேர்ந்தது.

வீட்டில் மனைவி ருக்குமணி வழக்கம்போலக் கேட்டாள். "இன்னைக்கு எப்படிங்க இருக்குது?"

இவர் சொன்னார். புருவம், கொட்டாவி, வெட்கம், விசில் ஊதும்போதெல்லாம் வருகிற பயம், எல்லாவற்றையும் சொன்னார். ருக்குமணி அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஒரு வருஷமா நீங்க நல்லாருக்கேன்னு சொல்லச் சொல்ல எனக்கு ஈரக்குலையே நடுங்குங்க" என்று அழுதாள். அப்புறம் அவர் தலையை மடியில் வைத்து அமுக்கிவிட்டாள். வலி போகவில்லை. ஆனாலும் அவருக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

பஸ்ஸில்தான் கூத்து. இவர் உள்ளதைச் சொன்னதும் கேட்டவர்களும் உள்ளதைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். பின்சீட்டுக்காரர் தன் மூல வியாதியைப் பற்றிப் பேசினார். பூக்கூடை அம்மா தன் மருமகளைப் பற்றி இரண்டு ஸ்டாப் தாண்டியும் பேசினார். "இது பஸ்ஸா, ஆஸ்பத்திரியா?" என்று டிரைவர் கத்தினார். மறுவாரம் அந்த டிரைவரே, "குழந்தை, எனக்கும் கொஞ்ச நாளா நெஞ்சு படபடங்குதுடா" என்று ஆரம்பித்தார். இவர் அவரையும் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார்.

நாற்பத்தெட்டாம் நாள் வந்தது. குழந்தைவேலு மடத்துக்குப் போனார். தட்டு முன்னால் இருந்தது. அம்மா கேட்டார்.

"எப்படி இருக்கீங்கண்ணா?"

"தலைவலி தினமும் வந்தது இப்ப வாரத்துக்கு ரெண்டு நாளுங்க. கண்ணாடி போட்டிருக்கேன். வாய் இன்னும் காயுது. கொட்டாவி கொறைஞ்சுது. நேத்து தியானத்துல தலைவலியோடயே உக்காந்தேன், ஓடலைங்க."

"ம்."

"ஆனா மாத்திரை போடறேனுங்க. இன்னும் ஆறு மாசம் கழிச்சுத்தான் யோசிக்கோணும்னு டாக்டரம்மா சொல்லுது. அது வரைக்கும் எனக்குத் தீட்சை உண்டுங்களா?"

"மாத்திரை போறது வயித்துக்கு. நான் சொல்றது காதுக்கு. ரெண்டும் எந்த ரோட்டுல முட்டிக்கப் போகுதுங்க?"

அம்மா சிரித்துக்கொண்டே அவர் காதருகே குனிந்தார். நாற்பத்தெட்டு நாள் பழக்கம் பாருங்கள், குழந்தைவேலு அதற்குள் கேட்டுவிட்டார்.

"அம்மா, நீங்க எப்படி இருக்கீங்க?"

செங்கோடன் முகத்தைச் சுளித்தார். குருவிடம் கேட்கிற கேள்வியா இது? பதினோரு வருஷத்தில் அந்த மடத்தில் ஒருத்தரும் அதைக் கேட்டதில்லை.

"நல்லா..." என்று ஆரம்பித்த அம்மா நிறுத்தினார். சிரிப்பு அப்படியே நின்றது. குழந்தைவேலு அவசரப்படாமல் காத்திருந்தார்.

அம்மா இன்னும் கொஞ்சம் குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்.

"மூணு மாசமாத் தூக்கமே இல்லைங்கண்ணா. உங்க டாக்டரம்மா எந்தக் கிழமை பாப்பாங்க?"