ராணியோடு ஜெர்மனில் சண்டை

ஐரோப்பாவின் மலைகளுக்கு நடுவே மொந்தவால் என்றொரு ராஜ்யம். தேசப்படத்தில் ஒரு ஈ வந்து உட்கார்ந்தால் நாடே மறைந்துவிடும். அந்தச் சுண்டைக்காய் நாட்டில் நாலு மொழிகள்! ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன், அப்புறம் மலைக்காரர்களின் ரோமான்ஷ்.

அரசர் பெர்டோல்டின் சபையில் நம் தரங்கம்பாடி சவரிமுத்து இருந்தார். கப்பலேறிப் போனவர். ஜனங்களோடு ஜனமாக வாழ்ந்து, யார் யாரிடம் எந்த மொழியில் பேசுகிறார்கள், ஏன் பேசுகிறார்கள் என்று பார்ப்பதுதான் அவர் உத்தியோகம். இன்று அதற்கு மானிடவியல் என்று பெயர் சூட்டிப் பட்டம் கொடுக்கிறார்கள். அன்றோ, வெட்டி ஆள் என்று சொன்னார்கள். முக்கியமாக மந்திரி ஹெல்முட் சொன்னார்.

ஒருநாள் ஹெல்முட் அரசரின் காதைக் கடித்தார். "ஒரு நாட்டுக்கு ஒரு மொழிதான் அரசே, கௌரவம்!"

அரசருக்கு அது பிடித்துப்போயிற்று. சவரிமுத்துவைக் கூப்பிட்டார்.

"ஓய், என் ஜனங்களின் நிஜமான மொழி எது? நாளைக்கு ஒன்றைச் சொல்லும். மற்ற மூன்றுக்கும் தடை. மீறிப் பேசினால் சிறை!"

சவரிமுத்து நேரே வீட்டுக்குப் போனார். அவர் குடியிருந்தது பாலாடைக்கட்டி விற்கும் ஓர்சோலாவின் வீட்டில். விஷயத்தைக் கேட்டதும் அந்த அம்மாள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"என் புருஷனுக்கு ரோமான்ஷ் தவிர ஒரு வார்த்தை தெரியாதே ஐயா! வாயைத் திறந்தால் ஜெயில். திறக்காமல் இருக்கிற மனுஷனா அவர்?"

சொல்லும்போதே அழுதுவிட்டாள். சவரிமுத்துவுக்கு மந்திரிமேல் கோபம் கோபமாக வந்தது. கோபம் வந்தால் அவருக்கு மூளை நன்றாக வேலை செய்யும்.

மறுநாள் காலை சபைக்குப் போனார்.

"அரசே, தங்கள் மொழி எது?"

"ஜெர்மன்தான். இதென்ன கேள்வி?"

"அப்படியானால் அதுவே நாட்டின் மொழி. சட்டம் இப்போதே அரண்மனையில் தொடங்கட்டும். தாங்கள்தான் முதல் ஆள். மாலையில் ஊருக்குத் தண்டோரா போட்டுவிடலாம்."

ஹெல்முட்டுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அவரும் ஜெர்மன்காரர்தானே! அரசர் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அவர் வாயைக் காவல் காக்கும் வேலையை ஹெல்முட்டே ஆசையாக ஏற்றுக்கொண்டார்.

இங்கேதான் வேடிக்கை. அந்த நாட்டில் ஒவ்வொரு காரியத்துக்கும் ஒரு மொழி. உத்தரவு போட ஜெர்மன். பாராட்ட பிரெஞ்சு. ஆடு, மாடு, நாய், கைக்குழந்தை எல்லாவற்றுக்கும் ரோமான்ஷ். சண்டைக்கு இத்தாலியன். சண்டையின் நடுவே எவர் முதலில் மொழி மாறுகிறாரோ, அவர் தோற்றார்! சந்தைக்காரி முதல் சீமாட்டி வரை இதில் மறுபேச்சே கிடையாது. மூச்சு விடுவதைப்போல எல்லோரும் செய்துவந்ததால், இப்படி ஒரு வழக்கம் இருப்பதை யாரும் கவனித்ததே இல்லை. சவரிமுத்து கவனித்திருந்தார்.

அரசர் தம் நாயைப் பார்த்து ஜெர்மனில், "உட்கார்!" என்றார்.

நாய் வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. வாசலில் நின்ற காவலர்கள் ஈட்டியோடு தொப்பென்று உட்கார்ந்தார்கள். ஜெர்மன் என்றால் உத்தரவாயிற்றே!

சாப்பாட்டு வேளையில், "சூப் நன்றாக இருக்கிறது" என்றார் ஜெர்மனில். சமையற்காரர் விறைத்து நின்று சலாம் வைத்து, இன்னொரு கிண்ணம் சூப் கொண்டுவந்தார். "போதுமய்யா, இதுவும் நன்றாகத்தான் இருக்கிறது!" என்றார் அரசர். சமையற்காரர் அடுத்ததை எடுத்துவர ஓடினார்.

அந்த நேரம் பார்த்து ராணி ஜினேவ்ரா வந்தாள். இத்தாலியனில் ஆரம்பித்தாள். "குளிர்காலம் முழுக்க என் அம்மா இங்கேதான் தங்கப்போகிறார்."

அரசருக்குச் சுர்ரென்று ஏறியது. இத்தாலியனில், "உன் அம்மாவா?" என்று தொடங்கினார். ஹெல்முட் தொண்டையைக் கனைத்தார். அரசர் விழுங்கிக்கொண்டு ஜெர்மனில், "முடியாது!" என்றார்.

ராணி ஒரு கணம் திகைத்தாள். பிறகு கைதட்டிக் குதித்தாள்.

"மொழியை மாற்றிவிட்டீர்கள்! தோற்றுவிட்டீர்கள்! அம்மாவுக்கு இப்போதே வண்டி அனுப்புகிறேன்!"

அரசர் சவரிமுத்துவிடம் ஓடினார். பின்னாலேயே ஹெல்முட்டும் ஓடினார்.

"ஓய், காப்பாற்றும்! நான் மறுபடி சண்டை போட வேண்டும். இத்தாலியனில்!"

"இத்தாலியன் பேசினால் சிறையாயிற்றே அரசே. தங்கள் கையெழுத்து."

"ராணி மட்டும் பேசினாளே!"

"அப்படியானால் முதல் கைதி ராணியார்தான். மந்திரியாரே போய்க் கைது செய்யட்டும்."

ஹெல்முட்டின் முகம் வெளுத்துப்போயிற்று. "அரசே, இத்தாலியனுக்கு மட்டும் விலக்குக் கொடுத்துவிடலாமே!"

"இத்தாலியனுக்கு மட்டுமா?" அரசர் அலறினார். "அங்கே நாய் நிற்கிறது, காவலர் உட்கார்ந்திருக்கிறார்கள், சூப் வந்துகொண்டே இருக்கிறது! எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சட்டத்தையே கிழித்துப்போடும்!"

ஹெல்முட் தம் கையாலேயே சட்டத்தைக் கிழித்தார். ஓர்சோலாவின் புருஷன் அன்று தூங்கும்வரை வாயை மூடவில்லை. ரோமான்ஷில் அவர் அளந்த அளப்பை அவள் முதல்முறையாகச் சந்தோஷமாகக் கேட்டாள்.

அரசர் மீசையை முறுக்கிக்கொண்டு ராணியிடம் போனார். சுத்தமான இத்தாலியனில் சண்டை நடந்தது. சுத்தமாகத் தோற்றார்.

தோற்றுத் திரும்பியவருக்குத் தம்மை நினைத்துத் தமக்கே சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஓய் சவரிமுத்து, பெரிய ஆள்தான் நீர்! உமக்கு ஒரு பரிசு. என் மாமியார் இங்கே இருக்கும்வரை, தினமும் விருந்தில் அவர் பக்கத்து நாற்காலி உமக்குத்தான்."

சவரிமுத்து கைகூப்பினார். "பாக்கியம் அரசே. அந்த அம்மாள் எந்த மொழியில் பேசுவார்?"

"நாலிலும்," என்றார் அரசர். "நிறுத்தாமல்."