சபாநாயகம் வீட்டுப் படங்களுக்கு நட்சத்திரம் போட்ட கதை

சேத்துப்பாளையத்தில் மூளையைக் கண்டபடி செலவழிக்காமல் பத்திரமாக வைத்திருந்தவர்கள் மூன்று பேர் இருந்தார்கள்: மருதப்பன், இருசப்பன், கோதண்டம். இவர்களில் மருதப்பன்தான் தலைவன். மற்ற இருவரையும்விடக் கொஞ்சம் உயரம் என்பதால் அப்படி முடிவாகியிருந்தது.

அவர்கள் குடியிருந்த மாடிக்கு எதிர்வீடு சபாநாயகத்துடையது. வேலையில் இருந்த காலமெல்லாம் சினிமா டிவிடிகளாக வாங்கிக் குவித்தவர். இரண்டு பெரிய அலமாரிகள் வழிய வழியப் படங்கள். அவரிடம் இல்லாத படம் இல்லை. ஆனால் தேடிய படம் ஒருநாளும் அவர் கைக்கு வந்ததில்லை. சாமி படத்தைத் தேடினால் கராத்தே படம் வரும். "சரி, இதுவும் நல்லாத்தான் இருக்கும்" என்று அதையே போட்டுவிடுவார். ஞாயிறுதோறும் மூன்று பேரும் அங்கே போய்த் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து பார்ப்பார்கள். மருதப்பனுக்கு வாரத்தில் மற்ற நாளெல்லாம் அந்த ஞாயிற்றுக்கிழமைக்காகத்தான் விடிந்துகொண்டிருந்தது.

இப்படி இருக்கையில் சபாநாயகத்துக்கு அறுபதாம் கல்யாணம் வந்தது. அவர் மனைவி பங்கஜவல்லி இடுப்பில் கைவைத்துக்கொண்டு அலமாரிக்கு முன்னால் நின்றார்.

"கேசட்லேருந்து டிவிடியா மாத்தின நம்ம கல்யாண வீடியோ இதுக்குள்ளதான் எங்கேயோ கிடக்கு. சனிக்கிழமை என் தம்பி, தங்கச்சி எல்லாரும் வந்து இறங்குவாங்க. அவங்களுக்கு அதைப் போட்டுக் காட்டணும். கிடைக்கலையா, அன்னைக்கே பழைய சாமான்காரனைக் கூப்பிட்டு அலமாரியோட தூக்கிக் கொடுத்துடுவேன்."

எதிர்மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மருதப்பன் காதில் இது விழுந்தது. கையிலிருந்த வேட்டி தெருவில் விழுந்தது.

உறவுக்காரர்களை அழைத்துவரப் புருஷனும் மனைவியும் ஊருக்குப் புறப்பட்டார்கள். கிளம்பும் அவசரத்தில் சபாநாயகம் வீட்டுச் சாவியை மருதப்பன் கையில் வைத்தார்.

"மருதப்பா, உன்னை நம்பித்தான் போறேன். படங்களை ரகம் ரகமாப் பிரிச்சு, அதது இருக்கவேண்டிய இடத்துல வை. ஒவ்வொண்ணுக்கும் நட்சத்திரம் போடு. நல்ல படம்னா அஞ்சு, சுமார்னா ரெண்டு. தேடினா கிடைக்கணும். அவ்வளவுதான்."

அதுவரை மருதப்பனை நம்பி ஒருத்தரும் ஒரு வேலையையும் ஒப்படைத்ததில்லை. 'தேடினா கிடைக்கணும்' என்று மூன்று தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

வேலை ஆரம்பமானது. முதலில் நட்சத்திரம். கோதண்டம் தன் அறைச் சுவரிலிருந்து காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்தான்.

"அசுவினி, பரணி, கார்த்திகைன்னு இருபத்தேழு இருக்கு. ஒரு ஆளுக்கு ஒரு நட்சத்திரம்தானே? ஒரே படம் எப்படி அஞ்சு நட்சத்திரத்துல பிறக்கும்?" என்று கேட்டான்.

மருதப்பன் கண்ணை மூடி யோசித்தான். "பிரசவம் இழுத்துக்கிட்டு இருந்திருக்கும். அசுவினியில வலி கண்டு, மிருகசீரிடத்துலதான் குழந்தையே வெளியே வந்திருக்கும். நல்ல படம்னா லேசுல பிறந்துடுமா?"

"சுமார் படம்?"

"ரெண்டே நாள்ல எடுத்து முடிச்சிருப்பாங்க."

மற்ற இருவரும் அவன் அறிவை வியந்தார்கள். பிறகு ஒவ்வொரு அட்டையிலும் நட்சத்திரங்களை எழுதினார்கள். மூல நட்சத்திரம் விழுந்த படத்தில் 'மாமனாருடன் பார்க்கக் கூடாது' என்று இருசப்பன் சேர்த்து எழுதினான். இன்னொன்றைக் கோதண்டம் தள்ளி வைத்தான். "இதுக்கு இன்னைக்குச் சந்திராஷ்டமம். போட்டாலும் ஓடாது."

அடுத்து ரகம் பிரிக்கிற வேலை. சண்டைப் படங்களை ஒரே தட்டில் வைக்கப் போன கோதண்டத்தை மருதப்பன் பாய்ந்து தடுத்தான்.

"என்னடா பண்றே! பக்கத்துப் பக்கத்துல வெச்சா ஒண்ணோட ஒண்ணு அடிச்சுக்காதா? ஐயா வந்து பார்க்கும்போது ஒண்ணுகூட உருப்படியா இருக்காது."

அதனால் சண்டைப் படங்களுக்கு மூலைக்கு ஒன்றாக இடம் ஒதுக்கினார்கள். தெலுங்கிலிருந்து வந்து தமிழ் பேசும் படங்கள் பெரிய பிரச்சினையாகிவிட்டன. உள்ளூர்ப் படமா, வெளியூர்ப் படமா? வாதம் சாயங்காலம் வரை போனது. கடைசியில் வீட்டுக்கு உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் இல்லாமல் வாசற்படியின் கீழே செருகினார்கள்.

பிறகுதான் பெரிய சங்கடம் வந்தது. இருசப்பன் தலையைச் சொறிந்தான்.

"தேடினா கிடைக்கணும்னு ஐயா சொன்னாரே. இப்படிக் கண்ணு முன்னால அலமாரியில இருந்தா எப்படித் தேடுவாரு?"

மருதப்பனுக்கு உடம்பு சிலிர்த்தது. எவ்வளவு பெரிய தப்பு நடக்க இருந்தது! "ஆமாடா. தேடணும்னா முதல்ல அது காணாமப் போகணுமில்ல? நம்மள நம்பி விட்டுட்டுப் போன மனுஷன் தேடறதுக்கு ஒண்ணுமில்லாம நின்னா நல்லாவா இருக்கும்?"

மூவரும் உயிரைக் கொடுத்து உழைத்தார்கள். குடும்பப் படங்களை அரிசி டிரம்மில் புதைத்தார்கள். குடும்பம் என்றால் சோறு வேண்டுமே. காதல் படங்களைப் பெரியவர்கள் கண்ணில் படாமல் மொட்டை மாடித் தொட்டிக்குப் பின்னால் ஒதுக்கினார்கள். திருடன் படங்களைப் பீரோவில் வைத்துப் பூட்டி, போலீஸ் படம் ஒன்றைக் காவலுக்குச் சாய்த்து வைத்தார்கள்.

பெயர் எழுதாத ஒரு டிவிடி மட்டும் மிஞ்சியது. என்ன ரகமென்று பார்க்கப் போட்டார்கள். திரை முழுக்கப் புகை. புகைக்கு நடுவிலிருந்து வெள்ளை வெளேரென்று ஒரு முகம் எழுந்து, கண்ணை உருட்டி நேராக இருசப்பனைப் பார்த்தது.

"பேய்!" என்று கத்திக்கொண்டு இருசப்பன் மின்சாரத்தையே நிறுத்தினான். அந்த டிவிடியைப் பேய்ப் படங்களோடு சேர்த்து மூட்டை கட்டி, கொல்லைப்புற முருங்கைமரத்தில் தொங்கவிட்டு, மேலே வேப்பிலையும் செருகினார்கள்.

சனிக்கிழமை ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். அலமாரி இரண்டும் துடைத்துவிட்டாற்போலக் காலி. சபாநாயகம் பிடித்துக்கொள்ளச் சுவரைத் தேடினார்.

"மருதப்பா... படமெல்லாம் எங்கேப்பா?"

மருதப்பன் பெருமையோடு கையைக் கட்டிக்கொண்டான். "தேடுங்கய்யா. கிடைக்கும்."

அதற்குள் பங்கஜவல்லி மதியச் சமையலுக்கு அரிசி எடுக்கப் போயிருந்தார். அளக்கிற படியில் அரிசிக்குப் பதிலாக அண்ணன் தங்கை பாசப் படம் ஒன்று வந்தது. குளிக்கப் போன தம்பிக்கு வெந்நீர் அண்டாவுக்குப் பின்னாலிருந்து குத்துச்சண்டைப் படம் கிடைத்தது. தங்கை புருஷன் வாசற்படியில் கால் வைத்ததும் 'படக்'கென்று சத்தம் கேட்டது. சின்னஞ்சிறுசுகளுக்கு ஒரே கொண்டாட்டம். "எனக்கு ஒண்ணு! எனக்கு ரெண்டு!" என்று வீட்டையே கவிழ்த்தார்கள். கல்யாண வீடியோ மட்டும் அகப்படவில்லை.

பங்கஜவல்லி பழைய சாமான்காரனுக்குப் போன் செய்யக் கையை நீட்டினார். மருதப்பன் ஓடிவந்து குறுக்கே நின்றான். இனி ஞாயிற்றுக்கிழமை எதற்கு விடியும்?

"அம்மா, முருங்கைமரத்துல ஒரே ஒரு மூட்டை பாக்கி. ஆனா அது பேய்ப் படம். வேணாம்மா" என்றான்.

அவன் சொல்லி முடிப்பதற்குள் தம்பி மரத்தில் ஏறி மூட்டையை அவிழ்த்து, பெயரில்லாத டிவிடியை எடுத்துவந்து போட்டுவிட்டார். புகை எழுந்தது. வெள்ளை முகம் எழுந்தது.

இருசப்பன் தூணைக் கட்டிக்கொண்டான். "பார்த்தீங்களா, அதேதான்!"

அது ஹோமப் புகை. முகத்தில் பவுடரை அப்பிக்கொண்டு, கண் எரிச்சல் தாங்காமல் விழித்துக்கொண்டிருந்தவர் மாப்பிள்ளை சபாநாயகம்.

எல்லாரும் பங்கஜவல்லியைப் பார்த்தார்கள். அவர் முந்தானையால் வாயைப் பொத்திப் பார்த்தார், முடியவில்லை. கண்ணில் நீர் வர வரச் சிரித்தார்.

"முப்பது வருஷமா இதை நான் யார்கிட்ட சொல்றதுன்னு தெரியாம இருந்தேன்! அன்னைக்கு மணவறையில நானும் இப்படித்தான் பயந்தேன்."

அலமாரிகள் பிழைத்தன. சபாநாயகத்துக்குப் போன உயிர் திரும்பிவந்தது. டிவிடியை எடுத்து மருதப்பன் கையிலேயே கொடுத்தார். "நாளைக்கு நாங்க எல்லாரும் மண்டபத்துக்குப் போயிடுவோம். நீங்க மூணு பேரும் இதை மட்டும் நல்லாப் பார்த்துக்கிட்டு, பந்திக்கு வந்துடுங்கப்பா."

மறுநாள் மண்டபத்தில் மேளம் கொட்டி அறுபதாம் கல்யாணம் நடந்தது. பந்தியும் ஆரம்பித்துவிட்டது. மூன்று பேரை மட்டும் காணவில்லை. சபாநாயகம் கழுத்து மாலையோடு ஆட்டோ பிடித்து வீட்டுக்கு ஓடிவந்தார்.

டிவி ஓடிக்கொண்டிருந்தது. மூவரும் காலையிலிருந்து கண்கொட்டாமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரையில் பழைய கல்யாணத்தின் பந்தி. பெரியவர் ஒருவர் வாளியோடு சாம்பார் ஊற்றிக்கொண்டு வந்தார். டிவிக்கு முன்னால் தரையில் வரிசையாக மூன்று வாழையிலைகள், தண்ணீர் தெளித்துத் தயாராக இருந்தன.

"அட, அங்க மண்டபத்துல நிஜப் பந்தி நடக்குதுப்பா! எழுந்து வாங்க!"

மருதப்பன் திரும்பாமலே கையமர்த்தினான்.

"கொஞ்சம் பொறுங்கய்யா. ஒவ்வொரு தடவையும் நம்ம வரிசைக்கு வர்றதுக்குள்ள வாளி காலியாயிடுது. இப்ப எழுந்து வந்தா இருக்கிற இடமும் போயிடும்."