ஒரு பொட்டுத் தகடும் வீணாகாத வீடு

வெள்ளந்திக்குளத்தில் புத்திசாலியே கிடையாது என்று சுற்றுவட்டாரத்தில் பேசிக்கொள்வார்கள். அது சுத்தப் பொய். ஒருவர் இருந்தார். பெண் கட்டிய ஊருக்குப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார், அவ்வளவுதான்.

மிச்சம் இருந்தவர்களில் மூன்று பேர் அண்ணன் தம்பிகள். மூத்தவன் ஆதிலிங்கம். எதையும் யோசித்துத்தான் சொல்வான். யோசிக்காமல் சொல்லியிருந்தால் தேவலையே என்று கேட்பவர்களுக்குத் தோன்றும். அடுத்தவன் பலவேசம், கிரில் பட்டறையில் வெல்டிங் கற்றவன். இரண்டு இரும்பு அருகருகே கிடந்தால் ஒட்டி வைக்காமல் அவனுக்குச் சோறு இறங்காது. கடைக்குட்டி சப்பாணிமுத்து. இது அவனுடைய கல்யாணத்தின் கதை.

பக்கத்து ஊர்ப் பலசரக்குக் கடைக்காரர் பொன்பெருமாளின் மகள் சந்தனமாரி மேல் சப்பாணிமுத்துவுக்கு உயிர். ஒரு நாள் கடையில் நல்ல கூட்டம். "எல்லாரும் வரிசையில நில்லுங்க" என்றார் பொன்பெருமாள். இவனும் நின்றான். கூட்டம் கலைந்தது, கடையையும் பூட்டிவிட்டார்கள். நகரச் சொல்லி யாரும் சொல்லவில்லை என்பதால் இவன் நகரவில்லை. மறுநாள் காலையில் கடை திறக்க வந்த சந்தனமாரி, பூட்டிய கதவுக்கு முன்னால் ஒற்றை ஆளாக வரிசை கட்டி நின்றவனைப் பார்த்து, "அடுத்த ஆளு வாங்க" என்றாள். கட்டினால் இவளைத்தான் கட்ட வேண்டும் என்று அந்த நிமிஷமே அவன் முடிவு செய்துவிட்டான்.

பொன்பெருமாள் மகா சிக்கனக்காரர். பொட்டலம் கட்டி வந்த சணலைக்கூட அறுக்காமல் அவிழ்த்து உருண்டையாகச் சுற்றி வைப்பார். பெண் கேட்டு வந்த அண்ணன் தம்பிகளிடம் கறாராகச் சொன்னார்.

"பொண்ணு தாரேன். ஆனா சொந்த வீடு வேணும். வீட்டுக்கு மூணு ஜன்னல் வேணும். எம்மக புழுக்கத்துல இருக்க மாட்டா. ஆவணி முகூர்த்தத்தன்னைக்குக் காலையில பொண்ணோட வாரேன். காத்து நல்லா வந்தா அங்கேயே தாலி. வரலைன்னா வந்த வழியே பொண்ணைக் கூட்டிட்டுப் போயிருவேன்."

ஆவணிக்கு நாள் நெருங்கிக் கிடந்தது. செங்கல் அடுக்கி வீடு கட்ட அவகாசம் இல்லை. சப்பாணிமுத்து ராத்தூக்கம் இல்லாமல் தவித்தான். அப்போதுதான் தூத்துக்குடித் துறைமுகத்துப் பக்கம் பழைய கப்பல் கன்டெய்னர்களை விற்கும் ஜெபமணி அண்ணாச்சியைப் பற்றிக் கேள்விப்பட்டார்கள். அந்த இரும்புப் பெட்டியை வாங்கி, ஜன்னல் வெட்டினால் வீடு தயார்.

ஜெபமணி நல்ல மனிதர். பெட்டியைக் காட்டி அக்கறையாகப் புத்தியும் சொல்லி அனுப்பினார்.

"நாலு மூலைக்கும் கல்லு வைங்கடே. இல்லைன்னா துரு புடிச்சிரும். கள்ளன் வராம கதவுக்கு நல்ல கொண்டியா போடுங்க. முக்கியமா ஒண்ணு, ஜன்னல் வெட்டும்போது ஒரு பொட்டுத் தகட்டைக்கூட வீணாக்கிராதிய. வெட்டினதை மறுபடி உபயோகிக்கணும். பழசை வீணாக்காம இருக்கதுதான் இந்த வீட்டோட அருமையே."

மூவரும் கைகட்டிக் கேட்டுக்கொண்டார்கள். வழியெல்லாம் பாடம் ஒப்பிப்பதுபோலச் சொல்லிக்கொண்டே வந்தார்கள்.

கிரேன்காரர் பெட்டியைக் கொண்டுவந்து இறக்கினார். உடனே பெரிய பெரிய கருங்கல்லாகத் தூக்கிப் போய்ப் பெட்டிக்கு உள்ளே நாலு மூலையிலும் வைத்தார்கள். கிரேன்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு நமக்கென்ன என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆதிலிங்கம் பெட்டியைச் சுற்றி வந்து யோசித்தான். "ஏல, இது எத்தனை நாடு போயிட்டு வந்திருக்கும்?"

"அம்புட்டு நாடும் போயிருக்கும்ணே" என்றான் பலவேசம்.

"அப்ப ஓரிடத்துல நிக்கிற பழக்கமே இதுக்குக் கெடையாதுலா? நாம அசந்த நேரம் பாத்துப் போயிருச்சுன்னா?"

வீடு போனால் சந்தனமாரியும் போவாள். சப்பாணிமுத்து ஓடிப்போய் மாட்டுக்கயிறு வாங்கிவந்து பெட்டியைப் பக்கத்தில் நின்ற உடைமரத்தோடு சேர்த்துக் கட்டினான். முடிச்சு இறுகியிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மூச்சு விட்டான்.

மறுநாள் பலவேசம் பட்டறையிலிருந்து கேஸ் வெல்டிங் சாமான்களைக் கொண்டுவந்து மூன்று ஜன்னல் வெட்டினான். சும்மா சொல்லக்கூடாது, வெட்டு அவ்வளவு சுத்தம். மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போயிற்று. சப்பாணிமுத்து நடுவில் நின்று, சந்தனமாரியின் கூந்தல் இந்தக் காற்றில் எப்படிப் பறக்கும் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டான்.

வெளியே ஆதிலிங்கம் கவலையாக உட்கார்ந்திருந்தான். அவன் முன்னால் வெட்டி எடுத்த தகடுகள் மூன்று கிடந்தன.

"வீணாக்கக் கூடாதுன்னு அண்ணாச்சி படிச்சுப் படிச்சுச் சொன்னாரே. இதை எங்க உபயோகிக்க?"

"கட்டில் போடலாம்" என்றான் பலவேசம்.

"கட்டிலுக்குக் குட்டையால்லா இருக்கு."

"மேசை?"

"நெளிநெளியா இருக்கு. வச்ச தம்ளர் நிக்குமா?"

நெடுநேரம் விவாதித்தார்கள். கடைசியில் கயிறு எடுத்துத் தகட்டின் நீள அகலம் அளந்தார்கள். அதே அளவுள்ள இடம் எங்கே இருக்கிறது என்று ஊரெல்லாம் தேடினார்கள். கோயில் சுவரில் பார்த்தார்கள், பள்ளிக்கூடத்தில் பார்த்தார்கள், எங்கும் பொருந்தவில்லை. களைத்துத் திரும்பிய சப்பாணிமுத்து தற்செயலாகக் கயிற்றை ஜன்னல் ஓட்டையில் வைத்துப் பார்த்தான். மயிரிழை பிசகாமல் பொருந்தியது.

"கையில வெண்ணெயை வச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்சோமே!" என்று ஆதிலிங்கம் தம்பியைக் கட்டிக்கொண்டான்.

பலவேசம் மூன்று தகட்டையும் ஓட்டையில் வைத்து வெல்டிங் செய்தான். உமி அளவுகூட மிச்சம் இல்லை. மூன்று பேரும் தள்ளி நின்று பார்த்துப் பெருமைப்பட்டார்கள்.

கொண்டி விஷயத்தில் குழப்பமே இல்லை. கள்ளன் வெளியிலிருந்துதான் வருவான், ஆகவே கொண்டியும் வெளியில்தான். கதவைச் சாத்தியதும் தானாக 'டக்'கென்று விழுந்து மாட்டிக்கொள்ளும்படி பலவேசம் கச்சிதமாகச் செய்திருந்தான்.

முகூர்த்த நாள் வந்தது. சொந்தபந்தங்களுக்குச் சாயங்காலம்தான் விருந்து. காலையில் பொன்பெருமாள் மட்டும் மகளோடு வந்தார். சந்தனமாரி பட்டுச்சேலையும் மாலையுமாக உடைமரத்தடியில் நின்றாள். தாலி ஏறாமல் மாப்பிள்ளை வீட்டுக் கதவைப் பெண் தொடக்கூடாது என்று அவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அண்ணன் தம்பிகள் மூவரோடும் உள்ளே போன பொன்பெருமாள் சுற்றிலும் பார்த்தார். "காத்து வருதே?"

"அது கதவு வழியா வருது மாமா" என்றான் சப்பாணிமுத்து, உண்மையை மறைக்கத் தெரியாமல்.

"கதவைச் சாத்து. ஜன்னல் காத்தைப் பாப்போம்."

சப்பாணிமுத்து கதவை உள்ளே இழுத்துச் சாத்தினான். வெளியே கொண்டி 'டக்'கென்று விழுந்தது. கும்மிருட்டு. ஆவணி வெயிலில் இரும்பு தகித்தது. பொன்பெருமாளுக்குச் சட்டை நனைந்துவிட்டது.

"ஜன்னல் எங்கல?"

"மூணும் இருக்கு மாமா. பத்திரமா ஒட்டி வச்சிருக்கோம்."

"எனக்கு ஒரு பொட்டுக் காத்து வரலையே! எம்மகளைக் கூட்டிட்டுப் போறேன். கதவைத் திற."

கதவு திறக்கவில்லை. சப்பாணிமுத்துவுக்கு அழுகை வந்துவிட்டது. "பலவேசம் அண்ணே, ஒரு ஜன்னலையாவது மாமாவுக்குத் திறந்து காட்டு. இல்லைன்னா நான் உயிரோட இருக்க மாட்டேன்" என்று கெஞ்சினான். வெல்டிங் சாமான்கள் உள்ளேதான் இருந்தன. பலவேசம் தகட்டை வெட்டி எடுத்தான். கச்சான் காற்று குபுகுபுவென்று உள்ளே பாய்ந்தது. பொன்பெருமாள் நெஞ்சை விரித்துக் காற்று வாங்கினார்.

"ஆகா, என்னா காத்து! எனக்குச் சம்மதம். தாலியை எடுங்க, நல்ல நேரம் முடியப்போவுது."

"எப்படிப்பா? எல்லாரும் உள்ளல்லா இருக்கிய" என்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள் சந்தனமாரி. "நான் கொண்டியைத் தூக்கட்டா?"

"தொடாத! தாலி ஏறட்டும்!"

வேறு வழி? சந்தனமாரி ஜன்னலுக்குள் கழுத்தை நீட்டினாள். சப்பாணிமுத்து தாலி கட்டினான். அண்ணன்மார் கைநிறைய அரிசியை எடுத்துத் தூவினார்கள். சப்பாணிமுத்துவின் சந்தோஷத்துக்கு அளவே இல்லை.

"இனி நீ இந்த வீட்டு மருமக. கதவைத் தொடலாம், திறம்மா" என்றார் பொன்பெருமாள்.

சந்தனமாரி யோசித்தாள். "எப்பா, வந்த அன்னைக்கே மருமக தானாக் கதவைத் திறந்துக்கிட்டு நுழைஞ்சான்னு நாலு பேரு சொல்ல மாட்டாவளா? வீட்டுக்காரங்கதான் திறந்து கூப்பிடணும்."

"நாங்க திறக்க முடியாதே" என்றான் சப்பாணிமுத்து.

"அப்ப நான் இப்படியே வந்துருதேன்" என்று வலது காலை முதலில் எடுத்து வைத்து ஜன்னல் வழியாக உள்ளே இறங்கினாள். மருமகள் வீடு புகுந்த அழகைப் பார்த்துப் பொன்பெருமாளுக்குக் கண் கலங்கியது.

ஆதிலிங்கம்தான் நிதானம் தவறாமல் இருந்தான். "ஏல பலவேசம், தகடு கீழ கெடக்கு பாரு."

பலவேசம் எடுத்து ஒட்டினான். பழையபடி கும்மிருட்டு. அந்த இருட்டில் பொன்பெருமாள் மனம் நிறைந்து சொன்னார். "சணலைச் சேத்து வைக்கிற எனக்கே இந்தப் புத்தி இல்லை. சிக்கனமான குடும்பத்துலதான் எம்மகளைக் குடுத்திருக்கேன்."

வெயில் சாயும் நேரத்தில் ஜெபமணி அண்ணாச்சி எவர்சில்வர் குடம் ஒன்றைப் பரிசாகத் தூக்கிக்கொண்டு விருந்துக்கு வந்தார். ஜன்னல் இல்லாத பெட்டி. கயிற்றால் மரத்தில் கட்டியிருக்கிறது. உள்ளே ஏதோ பேச்சுக்குரல். பதறிப்போய்க் கொண்டியைத் தூக்கிக் கதவைத் திறந்தார்.

"வாங்க அண்ணாச்சி, வாங்க!" என்று எல்லோரும் எழுந்து அவரைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போய், மூலைக்கல்லில் உட்காரவைத்தார்கள்.

"ஜன்னல் எங்கடே?" என்றார் ஜெபமணி.

"நீங்க சொன்னபடி ஒரு பொட்டுத் தகடும் வீணாக்கலை" என்று சப்பாணிமுத்து வெல்டிங் தழும்புகளைப் பெருமையாகக் காட்டினான்.

அதற்குள் பொன்பெருமாள் வாசலைப் பார்த்துத் திடுக்கிட்டார். "மாப்ள, இங்க பாருங்க! எம்மாம் பெரிய தகடு ஒண்ணு வெளிய தொங்கிக்கிட்டு நிக்கி. கவனிக்காம விட்டுட்டியளே!"

"வேண்டாம்டே, அது கதவு!" என்று ஜெபமணி கத்துவதற்குள் பலவேசம் அதை உள்ளே இழுத்துவிட்டான். கொண்டி 'டக்'கென்றது. சுற்றிவர ஒரு இடம் விடாமல் ஒட்டி முடித்தான். சரியாக அந்த நேரத்தில் கேஸும் தீர்ந்தது.

கொஞ்ச நேரத்தில் விருந்துக்கு வந்த சொந்தபந்தமெல்லாம் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தது. "என்னைக் காப்பாத்துங்க!" என்று உள்ளேயிருந்து ஜெபமணியின் குரல் மட்டும் ஓயாமல் கேட்டது. யாரோ ஒரு புண்ணியவான் ஏதாவது செய்யலாமே என்று உடைமரத்துக் கயிற்றில் கைவைத்தார். கயிறு அசைந்த சத்தம் கேட்டதுதான் தாமதம், உள்ளேயிருந்து சப்பாணிமுத்து அலறினான்.

"ஐயோ, அதை மட்டும் அவுத்துராதீங்க! உள்ள ஆளு இருக்கோம், பெட்டி கெளம்பிரும்!"