நாளைக்கு யார்?

செவ்வி என்ற மான்குட்டி ஒரே ஒரு கேள்விதான் கேட்டது. பாறையில் இருந்த அத்தனை விலங்குகளும் ஆரவாரம் செய்தனவே தவிர, ஒன்றுகூடப் பதில் சொல்லவில்லை. அதுதான் அந்தக் குட்டிக்கு நடந்த அநியாயம்!

வெள்ளத்தில் காடே முழுகிப்போயிருந்தது. தப்பிய விலங்குகள் ஒரு பெரிய பாறைமேல் ஏறிக் கிடந்தன. செவ்விக்குப் பிறந்ததிலிருந்தே இளைப்பு நோய். தினமும் காலையில் பச்சைத் தூதுவளை தின்றால்தான் மூச்சு சீராக வரும். கொடி இருந்த புதரோ தண்ணீருக்கு அடியில்! தாய்மானுக்கோ கால் ஒடிந்திருந்தது.

செய்தி பரவியது. கரடி நீந்திப்போய் எதிர்க்கரைக் குன்றிலிருந்து ஒரு கட்டுத் தழை கொண்டுவந்தது. கொக்கு பறந்துபோய்க் கொண்டுவந்தது. குரங்கும் தண்ணீருக்கு மேலே நீட்டியிருந்த மர உச்சிகளில் தாவிப்போய்க் கொண்டுவந்தது. குவிந்த தழையில் குட்டியே தெரியவில்லை!

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. நல்லது செய்தவர் கழுத்தில் கொடிமாலை விழும். மாலை விழுந்தால் அந்த வேலை முடிந்தது என்று அர்த்தம். மூன்றுக்கும் மாலை விழுந்தது. ஒரே ஆரவாரம்!

"நாளைக்கு யார் கொண்டு வருவீங்க?" என்று கேட்டது செவ்வி.

பக்கத்தில் இருந்த மைனாவுக்கு மட்டும்தான் அது கேட்டது. "இத்தனை பேர் இருக்கும்போது உனக்கென்ன கவலை!" என்று சிரித்துவிட்டுப் பறந்துபோனது.

சில நாள் கழித்து ஒரு காலையில் மைனா எட்டிப்பார்த்தது. செவ்வியின் விலா உள்ளே போய்ப் போய் வந்தது. நாக்கு நீலம்பாரித்துக் கிடந்தது. சுற்றிலும் மழையில் அழுகிய தழைக் குவியல்!

"யாருமே வரலையா?"

"தழை அழுகினதுக்கு அப்புறம் ஒருத்தரும் வரலைம்மா. கூப்பிட்டுக் கூப்பிட்டு என் தொண்டையே போச்சு" என்றது தாய்மான்.

மைனாவுக்கு ரத்தம் கொதித்தது. நேரே பாறையின் மறுகோடியில் இருந்த கரடியிடம் போனது. கரடி மாலையோடு வெயில் காய்ந்துகொண்டிருந்தது. கொக்கும் குரங்கும் அருகிலேயே இருந்தன.

"கரடியண்ணே! செவ்விக்குத் தழை எங்கே?"

"கொக்கு கொண்டுபோயிருக்குமே!"

"நானா? குரங்கு கொடுத்திருக்கும்னு இருந்தேன்!"

"எனக்குத்தான் மாலை விழுந்தாச்சே! முடிஞ்ச வேலையில திரும்பக் கை வெச்சா சிரிக்க மாட்டாங்களா?" என்றது குரங்கு.

"உங்களுக்கு வேலை முடிஞ்சது. அதுக்கு நோய் முடிஞ்சதா? வாங்க, வந்து கண்ணால பாருங்க!" என்று கத்தியது மைனா.

வந்து பார்த்தன. அடுத்த நொடியே மூன்றும் எதிர்க்கரைக்குப் பாயத் திரும்பின.

மைனா குறுக்கே வந்து சிறகை விரித்தது. "நில்லுங்க! மூணு பேரும் போய் இன்னொரு குவியல் போடப் போறீங்களா? கொக்கு மட்டும் போகட்டும், அதுதான் வேகம். ஒரு வேளைக்கு ஆகிற தழை போதும்!"

கொக்கு பறந்தது. கரடி குட்டியின் முதுகைத் தாங்கி நிமிர்த்திப் பிடித்துக்கொண்டது. குரங்கு அழுகிய தழையை வாரித் தண்ணீரில் எறிந்தது. ஒவ்வொரு மூச்சும் இதுதான் கடைசியோ என்று மைனாவுக்குப் பதறியது.

கொக்கு வந்தது. தாய்மான் தழையை மென்று ஊட்டியது. நெடுநேரம் கழித்துத்தான் விலா அடங்கியது. செவ்வி கண் திறந்தது. முதலில் கேட்டதும் அதே கேள்விதான்.

"நாளைக்கு யார்?"

மைனா மூவரையும் முறைத்தது. கரடி தன் கழுத்து மாலையைப் பிய்த்து வெள்ளத்தில் வீசியது.

"நாளைக்கு நான். மறுநாள் குரங்கு. அதுக்கு அடுத்த நாள் கொக்கு. அப்புறம் திரும்பவும் நான். யாருக்கு முடியலைன்னாலும், அடுத்தவர்கிட்ட சொல்லி ஒப்புக்கொள்ள வைக்காம நகர மாட்டோம், கண்ணு."

நாள்தோறும் வேண்டிய உதவியை ஒரே நாளில் கொட்டிவிட்டுப் போவது உதவியே அல்ல. நாளைக்கு யார் என்று சொல்லிவிட்டுப் போவதுதான் உதவி.