இடியாப்பக் கடையில் முதல் போணி

"இந்தக் கடையும் மூடப்போகிறது, ஹஜரத்!"

செய்யது மீரான் மரைக்காயர் மூச்சிரைக்க ஞானகுரு ஷைகின் முன் வந்து நின்றார். மரைக்காயர் அந்தக் கடற்கரைப் பட்டினத்தில் பெரிய செல்வர். ஏழைகள் கடை வைக்க ஜக்காத் என்னும் கடமைத் தானப் பணத்தில் முதல் போட்டுத் தருபவர்.

"தேநீர்க் கடை போயிற்று. பழக்கடை போயிற்று. நாளை மைமூன் இடியாப்பக் கடைச் சாவியை என்னிடமே திருப்பித் தந்துவிடுவாளாம். மூன்று பிள்ளைகளை வைத்திருக்கும் விதவை. நான் என்ன குறை வைத்தேன்?"

ஷைகு கேட்டார்: "இன்று காலை என்ன சாப்பிட்டீர்?"

"அவள் கடை இடியாப்பம்தான்! நானும் கூட வரும் ஏழு பேரும் தினமும் அங்கேதான். காசை நீட்டினால் கையை இழுத்துக்கொள்கிறாள். என்ன மரியாதை!"

ஷைகு சிரித்துவிட்டார்.

"நாளை தனியாகப் போம். அவளிடம் ஏச்சு வாங்காமல் இங்கே வராதீர்."

மறுநாள் விடிந்ததும் மரைக்காயர் போனார். மைமூன் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். அவரிடம் தரவேண்டிய கடைச் சாவிக்கொத்து முந்தானையில் முடிந்திருந்தது.

"வாங்க காக்கா" என்று அண்ணன் முறை வைத்து அழைத்தாள். "உங்க கடை. எத்தனை வைக்க?"

"என்ன விலை?"

"உங்களுக்கு என்ன விலை காக்கா?"

"விலையைச் சொல்லு புள்ள."

"பத்து ரூபாய்க்கு நாலு" என்றாள் தரையைப் பார்த்து.

"நாலா? அடுத்த தெருவிலே அஞ்சு தர்றாங்க."

அவள் இலையைத் துடைத்தாள்.

மரைக்காயர் இடியாப்பத் தட்டின் பக்கம் வந்தார். குனிந்து முகர்ந்தார்.

"நேத்து மாவோ?"

மைமூன் வெடுக்கென்று நிமிர்ந்தாள்.

"யாரு மாவு நேத்து மாவு? விடியுமுன்னே இடிச்ச மாவு காக்கா! போணி நேரத்துலே வந்து நொட்டை சொல்றீங்களே! வாங்குறதா இருந்தா காசை வைங்க. இல்லேன்னா தள்ளி நில்லுங்க, பின்னாலே ஆள் நிக்குது!"

மரைக்காயர் பத்து ரூபாயை வைத்தார்.

அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு டப்பாவில் போட்டாள். முந்தானைச் சாவிக்கொத்தை அவிழ்த்து டப்பாவைப் பூட்டினாள்.

"அடுத்து யாரு?"

இலைப் பொட்டலத்தோடு அறுபது வயது மரைக்காயர் கடற்கரை மணலில் ஷைகிடம் ஓடினார். ஒரு செருப்பு வழியிலேயே கழன்று போயிற்று.

"ஹஜரத்! ஏசிவிட்டாள்! தெருவே கேட்க ஏசிவிட்டாள்!"

ஷைகு பொட்டலத்தைப் பிரித்தார்.

"பத்து ரூபாய்க்கு நாலா? அநியாயம்."

"என்ன அநியாயம்?" என்று சீறினார் மரைக்காயர். "விடியுமுன் இடித்த மாவு, ஹஜரத்!"