நாச்சிமுத்து காருக்கு ஸ்பிரிங் வாங்கிய கதை

பொன்னாம்பாளையத்துக்காரர்களுக்கு மூளை இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அங்கே நாச்சிமுத்து, செல்லக்குமார், அவிநாசியப்பன் என்று மூன்று சிநேகிதர்கள் உண்டு. மூவருக்கும் மூளை தாராளமாகவே இருக்கிறது. எடுத்துச் செலவழிக்கத்தான் மனம் வருவதில்லை.

நாச்சிமுத்துவிடம் ஒரு பழைய கார் இருந்தது. இஞ்சினை மாற்றி, சிவப்புப் பெயிண்ட் அடித்து, அதை ரேஸ் கார் என்று சொல்லிக்கொண்டான். வேகத்தில் குறை சொல்ல முடியாது. வளைவு வந்தால் மட்டும் அது ரோட்டோடு திரும்பாமல் தன் போக்கில் நேராகப் போகும். போன வருஷப் பந்தயத்தில் வேலியைப் பிய்த்துக்கொண்டு பக்கத்துச் சோளக்காட்டுக்குள் போய் நின்றது. அதற்கு முந்தின வருஷமும் அதே சோளக்காடுதான். இந்த வருஷம் காட்டுக்காரர் அந்த மூலையில் விதைக்கவே இல்லை.

நாச்சிமுத்துவுக்குக் கோகிலவாணியைக் கட்டிக்கொள்ள ஆசை. அவளுக்கும் அவன்மேல் பிரியம்தான். ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். அவள் அப்பா தேவராஜ் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"இந்த வருஷப் பந்தயத்துல ஜெயிக்கோணும்னு சொல்லலீங் தம்பி. கடைசியா வந்தாலும் செரி. ரோட்டை விட்டு இறங்காம வந்து சேருங்க. அதுக்கே வக்கில்லாதவனுக்குப் பொண்ணை எப்படிக் குடுக்கறது?"

மூன்று பேரும் கூடி யோசித்தார்கள். கோளாறு ஓட்டுகிறவனிடம் இல்லை, ஸ்பிரிங்கிலும் ஷாக் அப்ஸார்பரிலும்தான் என்று ஏகமனதாக முடிவாயிற்று. முடிவைச் சொன்னவன் ஓட்டுகிறவன்.

கோயமுத்தூரில் ரேஸ் வண்டிச் சாமான் விற்கும் ஹேமலதா என்ற அம்மாளிடம் போனார்கள். அவர் பொறுமைசாலி. அதாவது, அன்றுவரை. ஸ்பிரிங் வண்டியின் பாரத்தைத் தாங்கும், ஷாக் அப்ஸார்பர் வண்டி குதிக்காமல் அடக்கும் என்று எடுத்துச் சொன்னார். எடைக்குத் தகுந்த ஸ்பிரிங்தான் போட வேண்டும் என்றார். கடைசியில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "ரேஸ்ல எப்படி ஓட்டுவீங்களோ, அதே மாதிரி வண்டியை எடை போட்டுட்டு வாங்க" என்றும் சொல்லிவிட்டார்.

பெட்ரோலோடும் ஆளோடும் எடை போடுங்கள் என்பது அவர் நினைப்பு. பாவம்.

லாரி எடை போடும் இடத்துக்கு நாச்சிமுத்து ஹெல்மெட் மாட்டிக்கொண்டு போனான். தூரத்திலிருந்தே ஆக்ஸிலேட்டரை மிதித்து, எடை மேடைமேல் ஒரே பாய்ச்சலில் ஏறி மறுபக்கம் இறங்கினான். ஜன்னலில் இருந்த ஆளுக்குப் புழுதிதான் தெரிந்தது. மேடைமேல் நிறுத்தச் சொல்லி அவர் கத்தினார். ரேஸில் யாராவது நடுவில் நிறுத்துவார்களா என்று செல்லக்குமார் திருப்பிக் கேட்டான். மறுபடி பாய்ந்தார்கள். மறுபடி புழுதி. கடைசியில் அந்த மனிதர், பின்னால் வந்து நின்ற வெங்காய லாரியின் எடையைச் சொல்லி அனுப்பிவிட்டார்.

அந்த எடையைக் கேட்டதும் ஹேமலதா தன் கடை ஆளை அனுப்பி எடை போட்டுக்கொண்டார்.

அடுத்து, கெட்டி ஸ்பிரிங்கா மெத்து ஸ்பிரிங்கா என்ற கேள்வி வந்தது. கெட்டியாக இருந்தால் வளைவில் வண்டி சாயாது, ஆனால் முதுகு நோகும். மெத்தென்று இருந்தால் முதுகுக்குச் சுகம், வண்டி சாயும். இதைக் கேட்டதும் அவிநாசியப்பன் கண்ணை மூடிக்கொண்டான். அவன் கண்ணை மூடினால் தீர்ப்பு வரப்போகிறது என்று அர்த்தம்.

"வலது பக்கம் மெத்துனு போடுங்க. நம்ம நாச்சிமுத்து உக்கார்ற பக்கம். இடது பக்கம் கெட்டியா போடுங்க. அங்க யாரும் உக்காரப் போறதில்லை, யாரு முதுகு நோகப் போகுது?"

மற்ற இருவருக்கும் புல்லரித்துவிட்டது. ஹேமலதா மூவருக்கும் பெரிய கும்பிடாகப் போட்டு, தானே பொருத்தமான ஸ்பிரிங்கையும் நல்ல ஷாக் அப்ஸார்பர்களையும் எடுத்துக் கொடுத்தார். டயருக்கும் மேலே இருக்கும் தகட்டுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி இருக்க வேண்டும், சாமான் உயர்ந்த ரகம், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

ஊருக்கு வந்ததும் யாருடைய விரல் என்று பிரச்சினை கிளம்பியது. செல்லக்குமார் விரல் வாழைப்பழம் மாதிரி. அவிநாசியப்பன் விரல் முருங்கைக்காய். பொழுது சாயும்வரை வாதாடி, ஓட்டுகிறவன் விரல்தான் நியாயம் என்று முடிவு செய்தார்கள். நாச்சிமுத்து இரண்டு விரலை உள்ளே நீட்டினான். செல்லக்குமார் ஜாக்கியை இறக்கினான்.

அளவு அச்சாக அமைந்தது. விரல்தான் வெளியே வரவில்லை.

நாச்சிமுத்து போட்ட சத்தத்தில் தெருவே கூடியது. அவிநாசியப்பன் குனிந்து பார்த்துவிட்டு, "இடைவெளி சுத்தமா இருக்குது, கலைக்க வேண்டாம். ஆனா வண்டியை யாரு ஓட்டறது?" என்று கேட்டான். அந்த ஒரு கேள்வியால்தான் விரல் தப்பியது.

பந்தய நாள் வந்தது. காலையில் அதிகாரி வண்டிக்கு அடியில் எட்டிப் பார்த்து, எல்லாம் சரி என்று அனுமதி கொடுத்தார். தேவராஜ் மகளோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். கோகிலவாணி கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். எனக்கே அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

அப்போது செல்லக்குமார் பந்தய ரோட்டில் மண்டி போட்டுத் தரையைத் தடவிப் பார்த்துவிட்டு, முகம் வெளுத்து ஓடி வந்தான்.

"மாப்ள, ரோடு மொழுமொழுன்னு இருக்குது. ஒரு குழிகூட இல்லை."

"அதுக்கென்ன?" என்றான் நாச்சிமுத்து.

"வண்டி குதிச்சா அடக்கறதுக்குத்தானே ஷாக் அப்ஸார்பர்? குழியே இல்லாத ரோட்டுல எதுக்குடா குதிக்கப் போகுது? உசந்த சாமானைச் சும்மா தேய உடறதா? பத்திரமா வெச்சுக்கச் சொல்லி அந்தம்மா அத்தனை சொன்னாங்களே."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நல்லவேளை, கண்டுபிடித்தோம் என்ற நிம்மதி மூன்று முகத்திலும் தெரிந்தது. அந்தக் காரில் ஸ்பிரிங் தனி, ஷாக் அப்ஸார்பர் தனி. மளமளவென்று நான்கு ஷாக் அப்ஸார்பரையும் கழற்றி, புதுத் துண்டில் சுற்றி, டிக்கியில் வைத்துப் பூட்டினார்கள்.

கொடி அசைந்தது. நாச்சிமுத்து கிளம்பினான். முதல் வளைவில் பிரேக்கைத் தொட்டதும் கார் ஒரு முறை குனிந்தது. பிறகு நிமிர்ந்தது. பிறகு குனிவதும் நிமிர்வதுமாகவே இருந்தது, அடக்க வேண்டிய சாமான் டிக்கியில் பூட்டிக் கிடந்தது. குதித்துக் குதித்து வளைவைத் தாண்டி, வேலியைத் தாண்டி, விதைக்காமல் விட்ட அந்த மூலையையும் தாண்டி, விதைத்திருந்த சோளத்துக்குள் போய் நின்றது.

தேவராஜ் கோபமாக வந்து சேர்ந்தபோது நாச்சிமுத்து தலையில் சோளத்தோகையோடு டிக்கியைத் திறந்தான். துண்டைப் பிரித்தான்.

"பாருங்க மாமா. ஒரு கீறல் விழுகல."

தேவராஜ் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது. அவரும் பொன்னாம்பாளையத்துக்காரர்தான் என்பதை நான் சொல்ல மறந்துவிட்டேன். "ஒரு இரும்புச் சாமானையே இப்படிப் பாத்துக்கறவன், எம் பொண்ணை எப்படிப் பாத்துக்குவான்! தேதி குறிச்சிரலாங் தம்பி" என்றார்.

கோகிலவாணி காரைப் பார்த்தாள். டிக்கியைப் பார்த்தாள். அப்பாவையும் பார்த்தாள்.

"அப்ப கல்யாணத்துக்கப்புறம் என்னையும் துண்டுல சுத்தி டிக்கியில போட்டுப் பூட்டிருவீங்களா?"

நாச்சிமுத்து பதறிப்போய்ச் சிநேகிதர்களைப் பார்த்தான். மூவரும் கொஞ்சம் தள்ளிப் போய்க் கூடிப் பேசினார்கள். பேச்சு வெகுநேரம் நடந்தது. பிறகு அவிநாசியப்பன் திரும்பி வந்து, கோகிலவாணியை மேலும் கீழும் அளவு பார்த்துவிட்டு, மரியாதையாகச் சொன்னான்.

"துண்டு பத்தாதுங் அம்மணி. ஜமுக்காளம் வாங்கிர்றோம்."